ஜாஸ்மினின் நாற்காலியில் பேச்சி

லூர்தம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது அவள் தலை சாம்பார் அண்டாவுக்குள் இருந்தது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றின் கேண்டீனில் அண்டா தேய்ப்பது அவள் வேலை. பாதி உடம்பை உள்ளே விட்டால்தான் அடிப்பிடித்ததைச் சுரண்ட முடியும். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் வலியோடு சேர்ந்து மகள் ஞாபகம் வந்தது. தான் படுத்துவிட்டால் ஜாஸ்மினுக்கு யார் சோறு போடுவார்கள்? அவளுக்கென்று ஒரு வேலை இருந்தாக வேண்டும். தன் இடுப்பு முழுசாக விட்டுப்போவதற்குள் இருந்தாக வேண்டும்.

ஜாஸ்மினுக்கு இருபத்து மூன்று வயது. அறிவுசார் குறைபாடு என்று அரசாங்க அட்டையில் போட்டிருக்கிறது. மண்ணூரில் அவர்கள் தெருவில் 'மெதுவான பொண்ணு' என்பார்கள். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினால் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டதை விடமாட்டாள்.

அவள் படித்தது பூரணோதயா சிறப்பு இளையோர் கல்லூரியில். சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் நன்கொடையில் நடக்கும் கல்லூரி. சுவரில் 'கல்லூரியிலிருந்து கன்வேயருக்கு' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். முதல் வருடம் அறிமுக நிலை. அடுத்தது ஆயத்த நிலை. அதற்கும் அடுத்தது முன்பணி நிலை. முன்பணி நிலையில் தேறியவர்கள் மேம்பட்ட அறிமுக நிலைக்கு உயர்த்தப்படுவார்கள். பணி நிலை என்றும் ஒன்று பாடத்திட்டத்தில் இருந்தது. அதற்கு இன்னும் அறை ஒதுக்கவில்லை.

எல்லா நிலைக்கும் பாடம் ஒன்றுதான். ஒரு டப்பில் போல்ட்டுகள் கலந்து கிடக்கும். பெரியது, நடுத்தரம், சின்னது என்று பிரித்துக் கிண்ணங்களில் போட வேண்டும். பிரித்து முடித்ததும் மூன்று முறை கைதட்ட வேண்டும். அது தன்னம்பிக்கைப் பயிற்சி. சாயங்காலம் ஆயா வந்து கிண்ணங்களை மறுபடி டப்பில் கொட்டிக் கலக்கிவிட்டுப் போவாள்.

"நீ பிரிக்கறத அந்தம்மா ஏன் கலக்குது?" என்று லூர்தம்மாள் ஒருநாள் மகளைக் கேட்டாள்.

"கலக்கலன்னா அவங்களுக்கு வேல இல்லல்ல?" என்றாள் ஜாஸ்மின்.

பெற்றோர் கூட்டத்தில் முதல்வர் தாண்டவராயன் பேசினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல நாடா, அதில் தொங்கும் அவருடைய சொந்தப் படம்.

"பூரணோதயா தொடங்கின நாள்லேர்ந்து ஒரு மாணவர்கூட பாதியில நின்னதில்ல. முடிச்சிட்டுப் போனதும் இல்ல. இந்தியாவில எந்தக் கல்லூரிக்கு இந்தப் பெருமை உண்டு?"

மாணவர்கள் மூன்று முறை தட்டினார்கள். லூர்தம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், எம் பொண்ணுக்கு வேல எப்போ சார்?"

"அம்மா, வேலைங்கறது இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். பயிற்சிய உங்க பொண்ணுகிட்டேர்ந்து யாராவது பிடுங்க முடியுமா? யோசிச்சுப் பாருங்க."

லூர்தம்மாள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல சேதி ஒண்ணு இருக்கு," என்றார் அவர். "வர்ற வெள்ளிக்கிழம நன்கொடைக் கம்பெனிங்க சேர்ந்து ஒரு மதிப்பீட்டாளர அனுப்பறாங்க. தேறினவங்க பேர் வேலைவாய்ப்புப் பட்டியலுக்குப் போகும். அன்னிக்கு ஒரு நாற்காலிகூட காலியா இருக்கக்கூடாது. காலியா இருந்தா அந்தப் பேர அடிச்சிடுவேன். எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அடிச்சிடுவேன்."

லூர்தம்மாளின் வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதில் வாடகைக்கு இருந்தவள் பேச்சி, தென்காசிப் பக்கத்துப் பெண். லூர்தம்மாள் அண்டா தேய்க்கும் அதே கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் ஒயர் கட்டினாள். நாள் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. ஓ.டி.யும் சேர்த்து நின்று நின்று அவளுக்கு இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்த, நாளைக்கு நின்னேம்னா விழுந்திருவேன். போகாட்டா பேர எடுத்திருவாவ. இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு லீவு போட்டாச்சு."

அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து லூர்தம்மாள் விளக்கெண்ணெய் தடவினாள். ஜாஸ்மின் பக்கத்தில் உட்கார்ந்து வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காந்துகினே செய்யற வேலன்னா போவியா?" என்று லூர்தம்மாள் கேட்டாள்.

"அப்டி வேல எங்கன இருக்கு?"

"ஜாஸ்மின் காலேஜ்ல கீது. நாளைக்கி நாள் பூரா உக்காந்துகினே இருக்கலாம்."

பேச்சி சிரித்தாள். லூர்தம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்குக் கணக்கு தெளிவாக ஓடியது. கம்பெனி லைனில் எல்லோரும் தொப்பி, மாஸ்க், நீலக் கோட்டு. கண் மட்டும்தான் தெரியும். ஒருத்தி கார்டில் இன்னொருத்தி போவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. தலைக்கணக்கு சரியாக இருந்தால் யாரும் முகத்தைக் கேட்கமாட்டார்கள். ஜாஸ்மின் ஒரு ஷிப்ட் நின்று காட்டிவிட்டால், இவள் வேலை செய்வாள் என்று யாரும் மறுக்க முடியாது. பேச்சியோ பன்னிரண்டாவது தேறிய பெண். அவள் ஜாஸ்மின் பெயரில் உட்கார்ந்து பதில் சொன்னால் மார்க் வராமலா போகும்? ஒரே நாளில் இரண்டு பக்கமும் காரியம் ஆகிவிடும்.

"நல்லாத்தான் சொல்லுதீய," என்றாள் பேச்சி. "இவ தாங்குவாளா?"

"நிப்பா. அவளுக்கு உக்காந்து உக்காந்துதான் அலுப்பு."

"நா நிப்பேன்," என்றாள் ஜாஸ்மின்.

"அப்டின்னா நா ஒண்ணு சொல்லுதேன் எத்த. சனிக்கிழம நானே இவள எங்க சூப்பர்வைசர் தசரதன் சார்ட்ட கூட்டிட்டுப் போவேன். நேத்து நின்னது இவதான்னு சொல்லுவேன். எங் காலு மேல சத்தியம்."

சுவரில் ஆணி அடித்து, துணிக்கொடிக் கயிறுகளை ஒயர் மாதிரி இழுத்துக் கட்டினார்கள். பேச்சி டேப் சுற்றிக் காட்டினாள். ஜாஸ்மின் சுற்றினாள். பிசகியது. மறுபடி சுற்றினாள். பேச்சி தூக்கத்தில் சரிந்த பிறகும் அவள் கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது லூர்தம்மாள் மகளின் மாஸ்க்கைச் சரிசெய்தாள்.

"யார் பேரு கேட்டாலும் பதில் சொல்லாத."

"கேட்டா சொல்லணும்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களே."

"மாஸ்க் போட்டுகினா சொல்லக்கூடாது."

ஜாஸ்மின் மாஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். "சரி," என்றாள்.

கேட்டில் பேச்சியின் கார்டைத் தேய்த்ததும் பச்சை விளக்கு எரிந்தது. காண்ட்ராக்ட் ஆள் விரலால் காற்றைக் குத்தித் தலைகளை எண்ணினான். ஜாஸ்மின் தலையும் எண்ணப்பட்டது. லூர்தம்மாள் கேண்டீனுக்கு ஓடி, டீ வண்டியைத் தானே தள்ளுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க லைன் பக்கம் வந்தாள். சூப்பர்வைசர் தசரதன் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பேச்சி."

பதில் இல்லை.

"ஏய் பேச்சி! காது கீதா இல்லியா?"

ஜாஸ்மின் நேராக நின்றாள். வாய் திறக்கவில்லை. அம்மா சொன்னதை அவள் மீறமாட்டாள். தசரதன் கிட்டே வந்தான். டீ வண்டியின் கைப்பிடி லூர்தம்மாளின் உள்ளங்கையில் வழுக்கியது.

"தொண்ட கட்டிகிச்சா?"

ஜாஸ்மின் அவனையே பார்த்தாள்.

"சரி வுடு. வாயத் தொறக்காத ஆளுதான் இந்த லைனுக்கு வோணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனான்.

அதே நேரத்தில் பேச்சி பூரணோதயாவில் ஜாஸ்மினின் நாற்காலியில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தாண்டவராயன் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அவள் முன் நின்றுவிட்டார்.

"நீ ஜாஸ்மின் இல்லியே."

பேச்சி நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். "ஜாஸ்மினுக்கு மேலுக்கு முடியல சார். நாற்காலி காலியா இருக்கப்படாதுன்னு அத்த அனுப்பிச்சாவ."

முதல்வர் வாசலைப் பார்த்தார். மதிப்பீட்டாளரின் கார் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. நாற்காலிகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஆள் இருந்தது.

"பொறுப்பான தாய்," என்றார். "உக்காரும்மா. ஒண்ணே ஒண்ணு. ரொம்ப புத்திசாலியா தெரிஞ்சிடாத. கல்லூரிக்குக் கெட்ட பேர்."

மதிப்பீட்டாளர் சந்திரலேகா பருத்திப் புடவையில் வந்தார். வேலைத் தயார்நிலையை அளக்கும் குறியீடு ஒன்றை அவரே உருவாக்கியிருந்தார். அது இருபது கம்பெனிகளில் பாராட்டுப் பெற்றது. அதில் தேறி வேலைக்குப் போனவர்கள் இதுவரை இல்லை என்பதை, குறியீடு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஆதாரமாக அவர் எல்லா மேடையிலும் சொல்வார்.

முதலில் போல்ட். பேச்சி மளமளவென்று பிரித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அப்போதுதான் டப்பைக் கிட்டே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கைதட்டலியா?" என்றார் சந்திரலேகா.

"எதுக்கு மேடம்?"

சந்திரலேகா குறித்துக்கொண்டார். அவசரம். நிதானமின்மை. தன் சாதனையைத் தானே உணராத நிலை.

"வேற டப்பு இருக்கா மேடம்? சும்மா இருக்கேம்லா."

திருப்தி உணர்வின்மை என்று அடுத்ததைக் குறித்தார். பிறகு கேள்விகள்.

"மழை பெய்தா என்ன பண்ணுவே?"

"ஷிப்டுக்குப் போவேன் மேடம்."

சரியான பதில் குடை பிடிப்பேன் என்பது.

"உன் மேலதிகாரி உன்னத் திட்டினா?"

"கேட்டுக்கிடுவேன்."

"எப்படி உணர்வே?"

"உணர்ந்துக்கிட்டு இருந்தா பீஸு தப்பிரும் மேடம்."

உணர்வை வெளிப்படுத்துவதில் கடும் குறைபாடு.

"கூடுதல் நேரம் வேலை செய்ய விருப்பமான்னு கேட்டா என்ன சொல்வே?"

"கேக்கமாட்டாவ. வீட்டுக்குப் போற பஸ்ஸ விடமாட்டாவ."

சந்திரலேகா கண்ணாடியைக் கழற்றி, பரிவோடு முன்னால் குனிந்தார். "ஜாஸ்மின், வேலைன்னா என்ன? உன் சொந்த வார்த்தையில சொல்லு. பயப்படாதே."

பேச்சி தன் காலைப் பார்த்தாள்.

"நிக்கிறது மேடம்."

சந்திரலேகா முதல்வர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாவம். வேலைய வெறும் உடல் வேதனையா மட்டும்தான் பார்க்கிறா. பணியிடச் சூழல்னா என்னன்னே இவளுக்குத் தெரியல. இவள ஒரு ஃபேக்டரியில விட்டா ஒரு நாள் தாங்கமாட்டா."

"நானும் அதத்தான் சொல்றேன் மேடம்," என்றார் தாண்டவராயன். "இன்னும் மூணு வருஷமாவது நம்மகிட்ட இருக்கணும்."

கம்பெனியில் ஜாஸ்மின் முதல் ஒயர் கட்டைச் சுற்றி முடித்துக் கொக்கியில் மாட்டினாள். மாட்டிவிட்டு மூன்று முறை கைதட்டினாள். பக்கத்துப் பெண் திடுக்கிட்டு டேப்பைக் கீழே போட்டாள். அடுத்த கட்டு. மறுபடி மூன்று தட்டு. யாராவது விரலை மிஷினில் விட்டுக்கொண்டுவிட்டார்களோ என்று தசரதன் ஓடிவந்தான்.

"இன்னா ஆச்சு? யாரு தட்டனது?"

ஜாஸ்மின் வாய் திறக்கவில்லை. அடுத்த கட்டை மாட்டினாள். தட்டினாள். அவன் திட்ட வாயெடுத்த நேரம், முதுகுக்குப் பின்னால் பிளான்ட் ஹெட் நின்றிருந்தார்.

"தசரதன், வாட் இஸ் திஸ்?"

தசரதன் சட்டென்று திரும்பினான். லைனில் சத்தம் என்றால் மெமோ. மெமோ என்றால் ஆள் மாற்றம். டீ வண்டியோடு தூணுக்குப் பின்னால் நின்ற லூர்தம்மாள் மாதாவைக் கூப்பிட்டாள்.

"சார்... அது... குவாலிட்டி சார். பீஸ் ஓகேன்னா தட்டுவாங்க சார்."

பிளான்ட் ஹெட் ஜாஸ்மினை நின்று பார்த்தார். அவள் சுற்றினாள், மாட்டினாள், தட்டினாள்.

"அப்ப மத்தவங்க ஏன் தட்டல? அவங்க பீஸ் ஓகே இல்லியா?"

பதினொரு மணிக்கு லைன் முழுக்கத் தட்டியது. சாப்பாட்டுக்கு முன் பக்கத்து லைனும் தட்டியது. பிற்பகலில் தட்டல்களை எண்ணுவதற்கு ஒருவனை நிறுத்தினார்கள். பீஸ் கணக்கும் தட்டல் கணக்கும் ஒத்துப்போகாததால், அவனைச் சரிபார்க்க இன்னொருவனை நிறுத்தினார்கள். சத்தம் குறைவாகத் தட்டிய நான்கு பெண்கள் மறுபயிற்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஷிப்ட் முடிவதற்கு முன் பிளான்ட் ஹெட் லைனை நிறுத்தி மைக் பிடித்தார்.

"சம்பளத்தக் கூட்டாம சந்தோஷத்த எப்படிக் கூட்டறதுன்னு நாங்க பல வருஷமா யோசிச்சோம். கன்சல்டன்ட் வெச்சோம். முடியல. இன்னிக்கு ஒரு சாதாரண காண்ட்ராக்ட் பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா. அவளே தட்டிக்கறா! நாம தட்டவேண்டிய அவசியமே இல்ல. பேச்சியை நாளையிலேர்ந்து பெர்மனென்ட் பண்றோம்."

எல்லோரும் மூன்று முறை தட்டினார்கள். ஜாஸ்மினும் தட்டினாள்.

சனிக்கிழமை காலை மூவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பேச்சியின் கால் கொஞ்சம் வடிந்திருந்தது. வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜாஸ்மின் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் சுடிதாரைப் போட்டிருந்தாள். கார்டு இல்லாததால் அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். லூர்தம்மாளும் உள்ளே போகாமல் மகளோடு கம்பியைப் பிடித்து நின்றாள்.

உள்ளே தசரதனின் மேசை தெரிந்தது. பேச்சி அவன் முன்னால் போய் நின்றாள். அவன் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினான். பெர்மனென்ட் ஆட்களுக்குக் கொடுக்கும் முழுக்கைச் சட்டை. பேச்சி கையை நீட்டவில்லை. என்னவோ சொல்ல வந்தவள் போலத் திரும்பி கேட்டைப் பார்த்தாள். ஜாஸ்மின் கையாட்டினாள். தசரதன் உறையை ஆட்டி, வாங்கு என்றான். பேச்சி நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

பேச்சி வாங்கிக்கொண்டாள்.

லூர்தம்மாள் தன் கார்டைத் தேய்த்து உள்ளே ஓடினாள்.

"சார், நேத்து நின்னது அவ இல்ல சார். எம் பொண்ணு. அதோ நிக்கறா பாரு சார். கை தட்டச் சொல்லட்டா?"

தசரதன் கேட்டைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

"யம்மோவ், மெதுவாப் பேசு. ஆர்டரு பேச்சி பேர்ல வந்துகீது. ஜாஸ்மின்னு ஒரு ஆளு இந்தக் கம்பெனிக்குள்ள வந்ததே இல்ல. வந்தான்னு நீ சொன்னா, ஆள் மாத்தி வுட்டதுக்கு அவ போவா, நீ போவ, நானும் போவேன். மூணு பேரு போயி ஒருத்திக்கும் வேல வராது. போ, அண்டா காத்துகினு கீது."

அன்றைக்கே அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவள் மகளை இழுத்துக்கொண்டு பூரணோதயாவுக்குப் போனாள். தாண்டவராயன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"முழு ஷிப்ட் நின்னா சார். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆவல. அவ பேரப் பட்டியல்ல ஏத்து சார்."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. ஜாஸ்மின் நேத்து மதிப்பீட்டுல தேறல. ஃபேக்டரியில ஒரு நாள் தாங்கமாட்டான்னு நிபுணரே சொல்லிட்டாங்க."

"அது பேச்சிக்குப் போட்ட மார்க்கு சார்! உனக்கே தெரியும்! அவ மூணு வருசமா ஃபேக்டரிலதான் நிக்கறா!"

"மார்க்குல பேர் ஜாஸ்மின்னுதானே இருக்கு? மார்க்க நான் எப்படி மாத்த முடியும்? நேர்மைன்னு ஒண்ணு இருக்கு இல்லியா?" மணியை அடித்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து மேம்பட்ட அறிமுக நிலை. வயசுப் பொண்ண இப்படி அலைய விடாதீங்க."

லூர்தம்மாளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இடுப்பு விடவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

சாயங்காலம் பேச்சி வந்தாள். புதுச்சட்டை மேல் துப்பட்டாவைச் சுற்றி மறைத்திருந்தாள். நேராகப் பின்னறைக்குப் போகாமல் அடுப்படி வாசலில் நின்றாள். லூர்தம்மாள் திரும்பிப் பார்க்காமல் அரிசி களைந்தாள்.

"சொல்லத்தான் போனேன் எத்த."

"சட்டைய வாங்கிகினு வந்துட்ட."

"சொன்னா எல்லாரும்லா போயிருவோம். ஊர்ல எங்கம்ம..."

"ஊர்ல எல்லாருக்கும் அம்மா கீது."

பேச்சி மூக்கை உறிஞ்சினாள். ஜாஸ்மின் எழுந்து வந்து துப்பட்டாவை விலக்கி, சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தாள்.

"கை தட்டினியா?"

"தட்டினேன்."

"மூணு?"

"மூணு."

"இது எனக்குக் குடுத்தது."

"ஆமாட்டி. ஒனக்குக் குடுத்ததுதான்."

"எப்பத் தருவ?"

பேச்சி வாயைத் திறந்தாள். லூர்தம்மாள் அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். ஜாஸ்மினும் காத்திருந்தாள். கேட்டால் பதில் வரும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பேச்சி காலரைப் பிடித்திருந்த ஜாஸ்மினின் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டு, தாங்கித் தாங்கி நடந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேச்சி ஜாஸ்மினுக்கு ஒரு வேலை கடன்பட்டிருக்கிறாள். இன்னும் தரவில்லை.